தேய்ந்த துளையும் தோல் நாட்டு லேத்தும்

ராணிப்பேட்டையில் தொடங்கி, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியும், ஆற்றிலிருந்து சற்று விலகிப் பேர்ணாம்பட்டு வரையிலும் பரந்து கிடக்கும் தோல் பதனிடும் பிரதேசத்தில், தகப்பனார் வாங்கிய புல்லட் மோட்டார் சைக்கிளை விற்க மனமின்றி இன்றைக்கும் திண்ணையோரம் நிறுத்தி வைத்திருக்கும் குடும்பங்கள் பல உண்டு. தோல் மண்டிக்கும் ஆலைக்கும் இடையே நாள் முழுதும் ஓடி, சரக்கையும் மனிதரையும் சுமந்து, ஒரு குடும்பத்தின் தொழிலையே தோளில் தாங்கிய அந்த வாகனங்களுக்கு வயோதிகத்தில் வரும் நோய்களில், பிஸ்டன் தேய்வதையும் வால்வு கசிவதையும் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் எஞ்சினைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டத்தில், போல்ட்டுகள் நுழையும் துளைகள் மெல்ல மெல்ல அகன்று, வட்டமாயிருந்தவை நீள்வட்டமாகி, அதனால் வண்டி முழுவதுமே தன் ஒழுங்கை இழந்துவிடுகிற விஷயத்தைப் பற்றி மிகச் சிலரே சிந்திக்கிறார்கள். பட்டறைக்காரர்கள் சட்டத்தைச் ‘சேசிஸ்’ என்றும், எஞ்சினைப் பிணைக்கும் போல்ட்டை ‘ஃபவுண்டேஷன் போல்ட்’ என்றும் சொல்வார்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் எப்படியோ அப்படியே இந்த போல்ட்டுகள் என்று கருதியே அப்பெயர் வழங்கத் தொடங்கியது போலும். அந்த அஸ்திவாரம் ஆட்டங்கண்டால் என்ன ஆகும், அதை எப்படி யோக்கியமான முறையில் சீர்படுத்தலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இந்த வண்டியின் வரலாறு நம் மாநிலத்தோடு நெருங்கிப் பின்னியது. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்காகப் புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததைத் தொடர்ந்து, இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூட்டாக 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தன. ஆரம்பத்தில் சீமையிலிருந்து வந்த உதிரிகளைத் திருவொற்றியூரில் கோத்துக்கொண்டிருந்த அந்த ஆலை, சில ஆண்டுகளுக்குள் எல்லாப் பாகங்களையும் இங்கேயே வார்த்தும் கடைந்தும் செய்யக் கற்றுக்கொண்டது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்ட பிறகும், தாய்வீடு மறைந்துபோன அந்த யந்திரம் திருவொற்றியூரில் உயிரோடு இருந்தது. 1970களின் பிற்பகுதியில் பிறந்த தேசத்துக்கே ஏற்றுமதியும் ஆயிற்று. சுண்டாப் என்ற ஜெர்மானியக் கம்பெனியின் நுட்பத்தைக் கொண்டு சிறிய வண்டிகள் செய்வதற்காக 1980களில் ராணிப்பேட்டையிலேயே ஒரு கிளை ஆலையையும் அந்நிறுவனம் நடத்தியது. ஆகவே இப்பிரதேசத்துப் பட்டறைக்காரர்களுக்கு என்ஃபீல்டின் உடலமைப்பு அந்நியமானதன்று.

அந்த உடலமைப்பில் ஒரு விசேஷம் உண்டு. பல மோட்டார் சைக்கிள்களில் எஞ்சினுக்கு அடியிலும் குழாய்கள் சென்று தொட்டிலைப் போல அதை ஏந்தியிருக்கும். பழைய புல்லட்டில் அப்படியில்லை. முன்புறத்திலிருந்து இறங்கும் ஒற்றைக் குழாய் எஞ்சினின் முன்பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. எஞ்சினுக்குக் கீழே குழாயே கிடையாது. முன்புறம் இரண்டு தகடுகள், பின்புறம் இரண்டு தகடுகள், இவற்றின் துணையோடு எஞ்சினே சட்டத்தின் ஒரு அங்கமாக நின்று, அறுந்துபோன வளையத்தைப் பூர்த்தி செய்கிறது. எனவே இதில் ஃபவுண்டேஷன் போல்ட் தளர்வதென்பது எஞ்சின் சற்று ஆடுவதோடு நிற்கும் காரியமன்று. சட்டத்தின் முதுகெலும்பிலேயே ஒரு கணு நெகிழ்ந்துபோவதற்கு அது சமானம். வளைவில் வண்டி திரும்பும்போது முன்சக்கரம் ஒரு பாதையையும் பின்சக்கரம் வேறொரு பாதையையும் தேடுவது போல ஓட்டுகிறவருக்குத் தோன்றுமானால், டயரையும் ஹேண்டிலையும் குறை சொல்வதற்கு முன் இந்தத் துளைகளைப் பார்க்க வேண்டும்.

துளை ஏன் தேய்கிறது என்பதை விளக்குவதற்கு, நன்றாக முறுக்கப்பட்ட ஒரு போல்ட் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். பலரும் எண்ணுவது போல, போல்ட்டின் உடல் துளையின் சுவரில் முட்டிக்கொண்டு பாரத்தைத் தாங்குவதில்லை. நட்டை இறுக்கும்போது போல்ட் ஒரு சிறிதளவு நீள்கிறது; நீண்டது தன் பழைய அளவுக்குச் சுருங்க முயலும் அந்த விசையினால் இரண்டு தகடுகளும் ஒன்றோடொன்று அழுத்தப்படுகின்றன; அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வே எஞ்சினை அசையாமல் பிடித்து வைக்கிறது. போல்ட்டுக்கும் துளைக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்தாலும், இறுக்கம் சரியாயிருக்கும் வரையில் தீங்கொன்றுமில்லை. இறுக்கம் குறைந்த கணத்திலோ, உராய்வு கைவிட்டுவிட, போல்ட்டின் உடல் சுத்தியலாகவும் துளையின் சுவர் பட்டடைக்கல்லாகவும் மாறிவிடுகின்றன. எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றுகையில் வினாடிக்கு 50 அதிர்வுகள். ஒரு மணி நேர ஓட்டத்தில் 1,80,000 அடிகள். 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட அந்தப் பெரிய ஒற்றை பிஸ்டன் மேலும் கீழும் பாய்கையில் எழும் அதிர்ச்சியை எதிர்த்துச் சமன்செய்ய இரண்டாவது பிஸ்டன் கிடையாது. இதற்குமேல், பின்சக்கரத்துச் சங்கிலியின் இழுப்பு எஞ்சினை ஓயாமல் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருப்பதால், தேய்வும் துளையின் எல்லாப் பக்கமும் சமமாக ஏற்படாமல், பெரும்பாலும் ஒரே திசையில் நீண்டுகொண்டு போகிறது.

இந்த நோய் வெகுகாலம் மறைந்தே இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. புல்லட்டில் கியர்ப்பெட்டி எஞ்சினின் முதுகிலேயே போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருப்பதால், எஞ்சின் அசைந்தால் கியர்ப்பெட்டியும் கூடவே அசைகிறது. இரண்டுக்கும் நடுவேயுள்ள உட்சங்கிலி ஒரு குறையும் காட்டுவதில்லை. வெளியில் தெரிகிற அடையாளங்கள் வேறு: பின்சங்கிலியை எத்தனை முறை சரிசெய்தாலும் மறுபடி தளர்தல், சைலன்சர் குழாயின் கழுத்தில் கீறல், சிலிண்டர் தலையைச் சட்டத்தோடு பிணைக்கும் பட்டை அடிக்கடி முறிதல். எல்லாவற்றிலும் நம்பத்தக்க அடையாளம், போல்ட் தலையைச் சுற்றி எண்ணெயோடு குழைந்து நிற்கும் செந்நிறத் தூள். மழையில் பிடித்த துருவன்று அது. இரும்பும் இரும்பும் நுணுக்கமாக உரசி உதிர்ந்து காற்றில் ஆக்சிஜனோடு கலந்த பொடி. எஞ்சினை அணைத்துவிட்டு, கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் அசைத்தபடி, தகடும் சட்டமும் சந்திக்கும் விளிம்பில் விரல் நுனியை வைத்துப் பார்த்தால், அசைவு இருக்குமானால் விரலுக்கு உடனே தெரிந்துவிடும்.

தோல் நாட்டில் இந்தத் தேய்வுக்கு இன்னொரு கூட்டாளி உண்டு, அது உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்பிட்டு மடித்து வைப்பது வழக்கம். அத்தகைய தோற்கட்டைக் கேரியரில் கட்டிக்கொண்டு போன வண்டிகளில், கசிந்த உப்புநீர் சட்டத்தின் மூலைமுடுக்குகளில் இறங்கிப் போல்ட் துளைகளில் தங்கி, பெயின்டுக்கு அடியில் இரும்பைக் குழி குழியாக அரித்திருக்கும். கந்தக அமிலமும் உப்பும் கலந்த நீரில் தோலை ஊறவைக்கும் கூடத்துக்கு அருகே நாள்தோறும் நிறுத்தப்பட்ட வண்டியின் கதியும் அதுதான். இதே தொழிலில் அதற்கு மாற்றும் இருக்கிறது என்பது ரசமான விஷயம். குரோமியம் உப்பின் பழக்கம் பரவுமுன் இங்கே தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டையால். அந்தப் பட்டையின் துவர்ப்பிலுள்ள டானின் என்னும் பொருள் இரும்பைத் தொட்டால் கருமை உண்டாகும். பதனிட்ட தோலில் ஆணி பட்ட இடம் கறுப்பதைக் கண்டு கவலைப்படாத தோல்காரர் இல்லை. அந்தக் கருமையே துருவின்மேல் ஏற்படும்போது, உதிரும் செந்துருவை ஒட்டி நிற்கும் கரும்படலமாக்கிவிடுகிறது. துருமாற்றி என்று கடைகளில் விற்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பது இந்த டானின் அமிலமே.

இப்போது பரிகாரத்துக்கு வருவோம். சாலையோரப் பட்டறையில் முதலில் கேட்கும் யோசனை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: “ஒரு சைஸ் பெரிய போல்ட்டா போட்டுடலாம் பாய், அப்புறம் ஆடவே ஆடாது.” பிரிட்டிஷ் மரபில் வந்த இவ்வண்டிகளின் போல்ட்டுகள் அங்குல அளவுக்குரியவை. 3/8 அங்குலம் என்றால் 9.525 மில்லிமீட்டர், கடையில் சுலபமாகக் கிடைப்பது 10 மில்லிமீட்டர் போல்ட். அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லையே என்று டிரில்லை ஓட்டிப் பெரிதாக்கிவிடுகிறார்கள். ஆனால் நீள்வட்டமான துளையில் டிரில் போகும்போது, அது தேய்ந்த பக்கத்தையே வழியாகக் கொண்டு ஓடுமே தவிர, ஆதியில் மையம் எங்கேயிருந்ததோ அங்கே போகாது. ஆகையால் எஞ்சின் தன் உரிய ஸ்தானத்திலிருந்து விலகியே நிலைபெறுகிறது. விலகியிருப்பதை இறுக்கிக் கட்டிய பலன்தான் மிச்சம். எஞ்சினிலுள்ள அலுமினியத் துளையும் அந்தப் பெரிய போல்ட்டுக்காக அகலமாக்கப்பட, ஒரு குறை இரண்டாகிறது. அடுத்த முறை தேயும்போது 11, அதற்கடுத்து 12 என்று போய், துளையின் ஓரத்தில் இரும்பே மிஞ்சாத நிலை வரும். போல்ட்டின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்பு வரை, போல்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது இரும்பு இருக்க வேண்டும் என்பது யந்திரத் தொழிலில் நெடுங்காலமாக வழங்கிவரும் விதி. துளை வளர வளர அந்த விதி மீறப்படுகிறது.

ஆகவே செய்ய வேண்டிய காரியம் துளையை அடைப்பதுமன்று, அகலமாக்குவதுமன்று. ஆதியில் எந்த ஸ்தானத்தில் எந்த அளவில் இருந்ததோ அந்த ஸ்தானத்தையும் அளவையும் மீட்டுக் கொடுப்பதே. இவ்விரண்டில் அளவை மீட்பது எளிது. ஸ்தானத்தை மீட்பதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது.

தேய்ந்த துளையின் மையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எவ்வளவு தேய்ந்தாலும், போல்ட் முட்டாத பக்கத்துச் சுவரில் ஆலையில் துளைத்த ஆதி வட்டத்தின் ஒரு பகுதி அழியாமல் இருக்கும். பெயின்டையும் துருவையும் நீக்கி, மார்க்கிங் நீலம் பூசி, சரியான விட்டமுள்ள ஒரு உருளையை அந்த வில்லோடு ஒட்டவைத்துப் பார்த்தால், வட்டத்தின் எஞ்சிய பகுதி எங்கே ஓடியிருக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அது ஒரு சாட்சி. இரண்டாவது சாட்சி எதிர்ப்பக்கத்துத் துளை. இடதும் வலதும் சமமாகத் தேய்வது அபூர்வம். மூன்றாவது, தேயாத வேறொரு துளையிலிருந்து எடுக்கும் அளவு. நான்காவது, எஞ்சினின் கூடு. உள்ளே பாகமெதுவும் இல்லாத ஒரு பழைய கூட்டைப் பட்டறையில் வைத்திருந்து, அதைச் சட்டத்தில் மாட்டி, நேரான எஃகுக் கம்பியொன்றை இரு பக்கத் துளைகளின் வழியாகவும் செலுத்திப் பார்ப்பவரே தேர்ந்த மெக்கானிக். கம்பி எங்கும் சிக்காமல், எங்கும் தொளதொளக்காமல் போக வேண்டிய பாதைதான் நாம் தேடும் அச்சு. இந்தச் சாட்சிகளில் ஒன்றை மட்டும் நம்பி டிரில்லை எடுப்பவர் அவசரக்காரர்.

அச்சு தெரிந்த பிறகு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, துளையை வெல்டிங்கால் நிரப்பி மறுபடி துளைப்பது. துளைக்குள் ஒரு செம்புக் கட்டையைச் செருகிக்கொண்டு சுற்றிலும் வெல்டிங் வைத்தால், உருகிய இரும்பு செம்பில் ஒட்டாது. ஆறியபின் கட்டையைத் தட்டி எடுத்துவிடலாம். உஷ்ணத்தையும் செம்பு வேகமாக வாங்கிக்கொள்ளும். மேடுகளைத் தேய்த்துச் சமமாக்கி, சிறிய டிரில்லில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கி, கடைசிச் சில நூறாம் பங்கு மில்லிமீட்டரை ரீமர் என்னும் துளை நேர்த்திக் கருவியால் எடுக்க வேண்டும். வெல்டிங் ஆன இடம் சுற்றியுள்ள இரும்பைக் காட்டிலும் கடினமாகிவிடுவதால் டிரில் வழுக்கிக்கொண்டு மென்மையான பக்கம் ஓடும். அதைத் தடுக்க வழிகாட்டும் புஷ் ஒன்றை, அதாவது நடுவில் துளையுள்ள எஃகு உருளையை, மேலே பூட்டிக்கொள்வது உத்தமம். சட்டம் முழுவதையும் அசையாமல் கட்டிவைத்து, சிறிது சிறிதாக வெல்டிங் வைத்து ஆறவிட்டுச் செய்தாலன்றி, உஷ்ணத்தில் குழாய் வளைந்து, ஒரு குறையைத் தீர்க்கப்போய் வேறொன்றைச் சம்பாதித்தவர்கள் ஆவோம். பெட்ரோல் டாங்கியையும் பாட்டரியையும் எஞ்சினையும் அப்புறப்படுத்திய பிறகே தீப்பொறி எழ வேண்டும் என்பதைச் சொல்லாமலே விளங்கிக்கொள்வார்கள் என்றாலும், உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாதலால் சொல்லிவைக்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை மிகவும் அவசியம். பழைய பிரிட்டிஷ் சட்டங்கள் பலவற்றில், குழாய்கள் வார்ப்பு இரும்பு மூட்டுகளுக்குள் செருகப்பட்டுப் பித்தளை உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். பட்டறையில் ‘பிரேசிங்’ என்பார்கள். அங்கே இரும்பு உருகுவதில்லை. ஏறக்குறைய 900 டிகிரி சென்டிகிரேடில் பித்தளைதான் உருகி இடுக்குகளில் பாய்கிறது. அத்தகைய மூட்டின்மேல் ஆர்க் வெல்டிங் வைத்தால், உருகும் இரும்போடு பித்தளையின் செம்பும் துத்தநாகமும் கலந்து, ஆறும்போதே கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். பல மாதங்கள் கழித்து ஓடும் சாலையில் அந்தக் கீறல் வாய்திறப்பது மிகவும் அபாயகரமானது. மூட்டின் விளிம்பில் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்து, மஞ்சள் கோடு தெரிந்தால் ஆர்க் வெல்டிங்கை மறந்துவிட வேண்டும்.

இரண்டாவது வழி, மெல்லிய தகட்டுக்கு ஏற்றது. தேய்ந்த துளையின்மேல், சரியான துளையுள்ள கனத்த எஃகு வாசரொன்றை அச்சில் நிறுத்தி, சுற்றிலும் வெல்டிங்கால் ஒட்டிவிடுவது. செலவு குறைவு, உஷ்ணமும் குறைவு. ஆனால் தகட்டின் கனம் கூடிவிடுவதால், அதே அளவு இடத்தை எதிர்ப்பக்கத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். அதைக் கணக்கில் கொள்ளாமல் செய்தால் எஞ்சின் ஒரு பக்கமாக ஒதுங்கி, சங்கிலி கோணிக்கொள்ளும்.

மூன்றாவது புஷ் போடுவது. என் அபிப்பிராயத்தில், கனமான மூட்டுகளுக்கு இதைவிட மேலான முறை இல்லை. தேய்ந்த துளையை அதன் ஆதி அச்சிலேயே, உதாரணமாக 14 மில்லிமீட்டருக்கு ரீமர் செய்து வட்டமாக்கி, அதற்கு 0.02 மில்லிமீட்டர் அதிக விட்டமுள்ள எஃகு புஷ்ஷை லேத்தில் கடைந்து அழுத்திப் பொருத்துவது. உள்ளே 3/8 அங்குலத் துளை வந்தபிறகும் சுவர் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும். 14 மில்லிமீட்டர் துளையில் அதைவிடப் பெரிய புஷ் எப்படி நுழையும் என்று வாசகர் கேட்கலாம். வேலூர் வெயிலில் 42 டிகிரியில் இருக்கும் புஷ்ஷை உறைபெட்டியில் வைத்து மைனஸ் 18-க்குக் குளிர்வித்தால் அது ஏறக்குறைய 0.01 மில்லிமீட்டர் சுருங்கும். சட்டத்து மூட்டை 150 டிகிரிக்குச் சூடாக்கினால் துளை இன்னும் 0.018 மில்லிமீட்டர் விரியும். அந்த ஒரு கணத்தில் புஷ் தடையின்றி இறங்கி, இரண்டும் ஒரே உஷ்ணத்துக்கு வந்ததும் பிரிக்கமுடியாதபடி கவ்விக்கொள்ளும். அழுத்தத்தில் உள்துளை சற்றுக் குறுகிவிடுமாதலால், அதை முதலில் சிறியதாகவே விட்டுவைத்து, இரு பக்கப் புஷ்களும் ஏறிய பிறகு, ஒரே நீண்ட ரீமரை இரண்டின் வழியாகவும் ஒரே ஓட்டமாகச் செலுத்திக் கடைசி அளவை எடுக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமையும்; தனித்தனியே ரீமர் செய்த இரண்டு துளைகள் அளவில் எவ்வளவு சரியாயிருந்தாலும் அச்சில் ஒத்துப்போகும் என்று சொல்வதற்கில்லை. இந்த முறையில் எனக்குள்ள பற்றுதலுக்கு இன்னொரு காரணமும் உண்டு: சட்டம் உருகுவதில்லை, வளைவதில்லை, இன்னும் முப்பது வருஷம் கழித்துத் தேய்ந்தால், அப்போது வண்டியை வைத்திருப்பவர் புஷ்ஷைத் தட்டி எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வேலைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியதில்லை. தோல் ஆலைகளுக்குப் பணிசெய்தே வளர்ந்த லேத் பட்டறைகள் இப்பகுதியில் ஊருக்கு ஊர் இருக்கின்றன. தோல்களைத் தண்ணீரோடும் ரசாயனங்களோடும் சேர்த்துப் புரட்டும் பிரம்மாண்டமான மரத்தாலான டிரம் இரவும் பகலும் சுழல்கையில், அதன் இரும்பு அச்சும் அது சுழலும் தாங்கியும் தேய்கின்றன. உப்பும் அமிலமும் அந்தத் தேய்வை இரட்டிப்பாக்குகின்றன. டிரம் நின்றால் உள்ளே கிடக்கும் தோல் முழுவதும் கெடும். ஆகவே தேய்ந்த துளையைக் கடைந்து வட்டமாக்கிப் புஷ் ஏற்றும் வித்தை இங்குள்ள டர்னர்களுக்கு அன்றாடப் பழக்கமாகிவிட்டது. ஷேவிங் மெஷினோ அதைவிடக் கண்டிப்பானது. ஷூவின் மேற்புறத்துக்கான தோலை ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவில் சீவி எடுக்கும்போது, உருளையின் தாங்கியில் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் தோலில் அலை அலையாகத் தெரிந்துவிடும்; வாங்குகிறவர் கனமானியை வைத்து அளந்து பார்த்துத் திருப்பிவிடுவார். இத்தகைய கண்டிப்புக்குப் பழகிய கைகளுக்கு மோட்டார் சைக்கிள் சட்டத்தின் ஒரு துளை அசாத்தியமானதன்று. வெல்டிங்கிலும் குறைவில்லை. ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவி ஆலையும், அதைச் சார்ந்து எழுந்த சிறு பட்டறைகளும், பரீட்சையில் தேறிய வெல்டர்களை இப்பகுதிக்குக் கொண்டுவந்தன. வண்டிக்காரர் செய்ய வேண்டியதெல்லாம் மெக்கானிக்கையும் டர்னரையும் ஒரே இடத்தில் நிற்கவைத்துப் பேசவைப்பதுதான். எஞ்சின் எங்கே நிற்க வேண்டும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். அதை எப்படி அங்கே நிறுத்துவது என்பது டர்னருக்குத் தெரியும். ஒருவரை விட்டு ஒருவர் செய்த வேலைகளே பெரும்பாலும் வீணாகின்றன.

இவ்வளவு சிரமம் எதற்கு, சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிக் கடைகளில் வேறொரு பழைய சேசிஸ் வாங்கி மாற்றிவிடலாமே என்று யோசிப்பவர்களும் உண்டு. அது பெருந்தவறு. சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணே பதிவுப் புத்தகத்தில் இருப்பது. எண்ணை மாற்றுவதும் அழிப்பதும் சட்டவிரோதம். அதுமட்டுமன்று. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்குத் தொன்மை வாகனம் என்ற தனிப் பதிவை ஏற்படுத்தியது. வாகனம் ஆதி உருவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும், சட்டத்திலோ எஞ்சினிலோ பெரும் மாறுதல் செய்திருக்கலாகாது என்பது அதன் நிபந்தனை. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும், அப்படிப் பதிவான வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. 1970களின் தொடக்கத்தில் பதிவான புல்லட்டுகளெல்லாம் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன. தேய்ந்த துளையை ஆதி அளவுக்கு மீட்பது ஒன்று, சட்டத்தையே மாற்றுவது வேறொன்று. முன்னதை எந்தப் பரிசோதகரும் பராமரிப்பு என்றே கொள்வார் என்பது என் நம்பிக்கை.

துளைகள் சரியான பிறகு பூட்டும் காரியத்திலும் சில நுணுக்கங்கள் உண்டு. முழுநீளமும் மரை வெட்டிய போல்ட்டை இங்கே உபயோகிக்கவே கூடாது. துளைக்குள் நிற்கும் மரைகள் அரத்தின் பற்களைப் போல வேலை செய்து, புதிய புஷ்ஷையும் அராவிவிடும். துளைகள் இருக்கும் நீளம் முழுவதும் மரையற்ற உடல் நிற்கும்படியான போல்ட்டைத் தேடி வாங்க வேண்டும், கிடைக்காவிட்டால் டர்னரிடமே கடைந்துகொள்ள வேண்டும். தகடும் சட்டமும் சந்திக்கும் முகங்களில் பெயின்ட் இருக்கலாகாது. இப்போது பலரும் விரும்பும் பவுடர் கோட்டிங், பார்வைக்குக் கண்ணாடி போலிருந்தாலும், போல்ட்டின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி மெலிந்து இறுக்கத்தைத் தளர்த்திவிடும். மறுபடி பழைய கதை தொடங்கும். ஆகவே அந்த முகங்களை வெறும் இரும்பாகவே விட்டுவிட வேண்டும். எஞ்சினுக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், அதை நட்டை இறுக்கி மூட முயலாமல், சரியான கனமுள்ள வாசரை இட்டு நிரப்ப வேண்டும். இழுத்து மூடப்பட்ட மூட்டு உள்ளுக்குள் விறைத்து நின்று, ஒருநாள் கீறிவிடும். எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் விரலால் ஏற்றி, எஞ்சின் தானாக அமர்ந்த பிறகே வரிசையாக முறுக்க வேண்டும்.

பிறகு சக்கரங்களை நூல் பிடித்துப் பார்ப்பது. இந்த மாதிரிப் பழைய புல்லட்டில் இரண்டு டயர்களும் 3.25-19 என்ற ஒரே அளவாயிருப்பதால் சோதனை எளிது: பின்சக்கரத்தின் இரு ஓரங்களைத் தொட்டபடி முன்னே இழுத்த நூல், நேராக நிற்கும் முன்சக்கரத்தின் இரு ஓரங்களையும் தொட வேண்டும், இரு பக்கமும் அவ்வாறே. நூல் ஒரு பக்கம் விலகினால் சட்டத்திலோ பின்சக்கரத்தின் அமைப்பிலோ இன்னும் ஒரு குறை மிச்சமிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் பெயின்ட் அடிக்கப் போகக்கூடாது.

பெயின்டுக்கு முன் ஓட்டிப் பார்ப்பதும் அவசியம். ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு அதற்குத் தோதான இடம் ஏலகிரிச் சாலை. அதன் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கும்போது, முடுக்குவதும் அடக்குவதும், இடமும் வலமும் சாய்வதும் மாறி மாறி வருவதால், எஞ்சினின் இழுப்பு எல்லாத் திசைகளிலும் பரிசோதிக்கப்படுகிறது. இறங்கி வந்து எஞ்சின் நன்றாக ஆறியபின் ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனரை வைத்துப் பார்க்க வேண்டும். புதிய முகங்கள் ஒன்றோடொன்று படிந்ததில் ஒரு கால் சுற்று இடங்கொடுப்பது இயல்பு. அதை இறுக்கிவிட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் ஒருமுறை பார்த்து, போல்ட் தலைகளைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் செந்தூள் ஒட்டவில்லையானால், சட்டத்தைப் பெயின்ட்காரரிடம் ஒப்படைக்கலாம்.